நாலாவது இனிப்பு

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண்ணாணை, வாயில் மிச்சமிருக்கிற பதினோரு பல்லாணை, பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் பிடிக்கிற என் பழைய லாரியாணை. பொய் சொல்கிறவன் கதையை நகாசு பண்ணி அழகாகச் சொல்வான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் ஐம்பத்து நாலு வயதில் எதற்கு முகாம் வேலைக்குப் போகிறேன்?

பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நாலாவது மாதம், கல் வெட்டுகிற இடத்துக்கு ஓட்டுநர் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னார். இருபத்தெட்டு நாள் அங்கே, பதினாலு நாள் வீட்டில். சுற்றுவட்டாரத்தில் ஊர் கிடையாது, கடை கிடையாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் முழுசாக ஒரு நாள் போக வேண்டும்.

"ஊரே இல்லாத இடத்துல உங்களுக்கு யாரை ஏத்திக்கிட்டு ஓட்டுற வேலை?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

"யாரையும் இல்ல. தண்ணி லாரி."

"குடிக்கறதுக்கா?"

"ரோட்டுக்கு ஊத்தறதுக்கு."

"ரோட்டுக்குத் தாகமா! நல்ல வேலைதான். போயிட்டு வாங்க."

அவளுக்குக் கண் மங்கத் தொடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. இடது கண்ணை மருத்துவர்கள் முதலிலேயே கைகழுவிவிட்டார்கள். வலது கண்ணில் புரை. எதிரில் ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். யார் என்பது குரலில்தான் தெரியும். அந்த ஆறு வருஷமும் வீட்டை அவளுக்குப் பார்த்துச் சொன்னவன் நான்தான். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று என்றேன். உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றியாயிற்று என்றேன். என் தலையில் முன்பக்கம் மட்டும் நாலு நரை விழுந்திருக்கிறது என்றேன். அவளும் சரி என்று கேட்டுக்கொண்டாள். அவளுக்குப் பார்வை குறைந்த பிறகு எங்களுக்குள் சண்டையே கிடையாது என்று அக்கம்பக்கத்தில் எங்களுக்கு நல்ல பேர்.

நான் வேலைக்குச் சேர வேண்டிய நாளும் அவள் கண் ஆப்பரேஷனும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. இருபத்தைந்தாம் தேதி ஆப்பரேஷன். முப்பதாம் தேதி காலை கட்டு அவிழ்ப்பார்கள்.

"கட்டு அவுக்கறப்ப நீங்க எதிர்ல நிக்கணும்," என்றாள். "ஆறு வருஷம் கழிச்சுப் பாக்கப்போறேன். மொத மொதல்ல டாக்டர் மூஞ்சியையா பாக்கச் சொல்றீங்க?"

"டாக்டர் அழகா இருந்தா?"

"அழகா இருந்தா அப்புறமா பாத்துக்கறேன். அவர் எங்கயும் ஓடிப்போக மாட்டாரு."

எங்கள் மகள் பக்கத்துத் தெருவில் குடியிருந்தாள். விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்: "அப்பா, ஒண்ணாம் தேதி வேலைக்குச் சேர்றீங்க. இருபத்தெட்டு சாயங்காலம் நாலு மணிக்கு அங்கேருந்து பஸ். இருபத்தொம்பது சாயங்காலம் வீடு. முப்பது காலையில ஆஸ்பத்திரி. நடுவுல ஒரு ராத்திரி மிச்சம் இருக்கு. நல்லா குளிச்சு, ஷேவ் பண்ணிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நில்லுங்க."

"நிக்கறேன்," என்றேன். நிற்பதற்கு என்ன படிப்பா வேண்டும்?

முகாமில் மூன்று வரிசைத் தகர அறைகள் இருந்தன. வரிசைக்குப் பத்து. எல்லாக் கதவும் ஒரே சாம்பல் நிறம். எண் எழுதியிருந்தார்கள், காற்றிலே மணல் பறந்து வந்து எண்களையெல்லாம் தேய்த்துக் கொண்டுபோய்விட்டது. முதல் மூன்று நாள் நான் வேறொருவர் அறையில் இருந்தேன். அவர் இரவு வேலைக்காரர்; அவர் போன பிறகு நான் வருவேன், நான் போன பிறகு அவர் வருவார். கட்டில் எப்போதும் கொஞ்சம் சூடாக இருந்தது. இந்த நிறுவனம் தொழிலாளர்களுக்குப் படுக்கையைச் சூடு பண்ணிக் கொடுக்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டேன். தன் தலையணையில் தைலம் தடவிக் கொடுக்கிறார்களே என்று அவர் நினைத்துக்கொண்டாராம். நாலாவது நாள் சோப்பு தீர்ந்து போனபோதுதான் குட்டு உடைந்தது.

என் சரியான அறையில் எனக்குக் கிடைத்த கூட்டாளி, கல் உடைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். ஏழு வருஷம் அந்தச் சத்தத்தில் நின்றதால் அவருக்குக் குரலைத் தணித்துப் பேச வராது. எல்லோரும் அவரை மைக்செட் என்றார்கள். "ரகசியம் ஒண்ணு சொல்றேன்" என்று அவர் தொடங்கினால் மூன்று வரிசையிலும் விளக்கு எரியும்.

"புதுசா வந்தவனுக்கு மொத வாரம் காது போகும்," என்று எனக்கு விளக்கினார். "ரெண்டாவது வாரம் நாக்குல ருசி போகும். மூணாவது வாரம் வீட்டு நெனப்பு போகும். நாலாவது வாரம் பஸ் வந்துடும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா வேற ஏதாவது போகும். என்னன்னு யாரும் இருந்து பாத்ததில்ல."

என் வேலையைச் சொல்கிறேன். முகாமிலிருந்து கல் குழிக்கு ஒன்பது கிலோமீட்டர் மண் ரோடு. கல் ஏற்றிய வண்டிகள் போனால் தூசி எழும்பும். பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. தூசி எழாமல் அதற்கு முன்னால் தண்ணீர் அடித்துக்கொண்டே போக வேண்டும். லாரியின் பின்பக்கம் பூவாளி மாதிரி குழாய் உண்டு. நான் இந்த முனையிலிருந்து அடித்துக்கொண்டு அந்த முனைக்குப் போவேன். போய்த் திரும்பினால் அடித்ததெல்லாம் காய்ந்திருக்கும். மறுபடி அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு. ஒரு நாளைக்குப் பதினோரு நடை. சாயங்காலம் இறங்கிப் பார்த்தால், காலையில் பார்த்த அதே ரோடு, அதே தூசி, நான் பிறக்காமலே இருந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும்.

வெயில் எப்படி என்று கேட்காதீர்கள். ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் தரையைத் தொடவே இல்லை. பாதி வழியில் ஆவியாகி மேலே போய், லாரிக்கு மேல் ஒரு பாய் அளவுக்கு மேகமாக நின்றது. ஒன்பது கிலோமீட்டரும் என்கூடவே வந்தது. நான் நிறுத்தினால் நின்றது. குழி வாசலில் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார். "கிளீனர் இல்லாம தனியா ஓட்டறேன்னு சொன்னே?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. முதல் வாரமாக இருந்திருந்தால் நான் சிரித்திருப்பேன். அது இரண்டாவது வாரம். குழாயை மூடினேன், திருப்பினேன், மறுபடி திறந்தேன்.

அந்த முகாமில் கிழமை கிடையாது, சாப்பாடுதான் உண்டு. திங்கள் பருப்பு, செவ்வாய் முட்டை, புதன் மீன், வியாழன் கோழி, வெள்ளி கிழங்கு, சனி ஆட்டுக்கறி, ஞாயிறு இனிப்பு. சமையல்காரர் பதினைந்து வருஷமாக ஒரு நாள்கூட இதை மாற்றியதில்லை. அவரைக் காலண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாக் கணக்கும் தட்டை வைத்துத்தான். "போன மீனுக்கு முந்தின முட்டைல இருந்து எனக்கு இடுப்பு வலி" என்பார் ஒருவர். "ரெண்டு கோழி தாண்டட்டும், டயர் மாத்திக்கலாம்" என்பார் இன்னொருவர். மேலாளர் அறையில் தினம் ஒரு தாள் கிழிக்கிற நாட்காட்டி தொங்கியது. ஆனால் அவர் அதைக் காலையில் கிழிக்க மாட்டார். மதியம் சாப்பிட்டு, என்ன சாப்பிட்டோம் என்று ஒரு தடவை யோசித்து, கை கழுவிவிட்டுப் போய்க் கிழிப்பார். நாங்கள் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை வந்தவர்கள். எங்களுக்குப் பஸ் நாலாவது இனிப்பு அன்று.

கைப்பேசி எல்லாம் வராத காலம். அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஐந்து நிமிஷம். வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அத்தனை பேர் குடும்பமும் அத்துப்படி. ஒருவர் பேசும்போது பின்னால் நிற்கிறவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

இரண்டாவது இனிப்பு அன்று என் முறை வந்தது. பதினாலாம் தேதி.

"சாப்டீங்களா?" என்றாள்.

"சாப்டேன்."

"என்ன சாப்டீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமையை எப்படிங்க சாப்பிடறது?"

"இனிப்பா இருந்துச்சு."

பின்னாலிருந்து மைக்செட், "சக்கரை கம்மின்னு சொல்லுங்க!" என்று கத்தினார்.

"யாருங்க அது?"

"கூட இருக்கறவரு. மெதுவாத்தான் பேசறாரு."

"சரி. இருபத்தஞ்சு ஆப்பரேஷன். முப்பது கட்டு அவுக்கறாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

அவளுக்குக் காதுதான் கண். "குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

"எப்படி?"

"ஆளை எங்கயோ வச்சுட்டு, குரல் மட்டும் வந்து பேசற மாதிரி."

"தூசி."

"தூசி இல்லீங்க இது. சரி, இப்ப எதிர்ல என்ன தெரியுது? பாத்துச் சொல்லுங்க."

இது எங்களுக்குள் வழக்கம். பஸ்ஸில் போனால், கடைக்குப் போனால், வாசலில் உட்கார்ந்தால், பார்த்துச் சொல்லுங்க என்பாள். நானும் இருப்பதில் பாதி, இல்லாததில் பாதி என்று சேர்த்துச் சொல்வேன். அன்றைக்கும் எதிரில் பார்த்தேன். தகரச் சுவர். அதில் ஒரு ஆணி. ஆணியில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. வாயைத் திறந்தேன். வேறு ஒன்றும் வரவில்லை.

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்க," என்றாள். ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவர் எதுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. ரிசீவரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பருப்பு அன்று அடித்த காற்றில் தொலைபேசிக் கம்பம் படுத்துக்கொண்டது. ரேடியோ ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு நிலையம் கிடைக்கும். ஒருவர் வந்து வானிலை சொல்வார். "நாளையும் இன்றைப் போலவே இருக்கும்" என்பார். இன்று என்ன நாள் என்று ஒரு தடவைகூட வாய்தவறிச் சொன்னதில்லை. மூன்று பேர் கையில் தேதி காட்டும் கடிகாரம் இருந்தது. தூசி புகுந்து மூன்றும் மூன்று தேதி காட்டின. ஒன்று முப்பத்திரண்டு காட்டியதாக அதன் சொந்தக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பதினாறாம் தேதி முட்டை. அன்று சாயங்காலம் குளிர்பதனப் பெட்டி நின்றுபோனது. மீன், கோழி எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. சாமான் லாரி வர மூன்று நாள் ஆகும். சமையல்காரரிடம் முட்டை மட்டும்தான் இருந்தது. மறுநாள் முட்டை. அதற்கு மறுநாளும் முட்டை.

இரண்டாவது முட்டையன்று மேலாளர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நாட்காட்டி முன்னால் நின்றார். கிழிக்கவில்லை. எச்சில் தொட்ட விரலோடு அப்படியே சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்பி வந்தார்.

"காலண்டரு, இன்னிக்கு என்ன கிழமைய்யா?"

"முட்டை சார்."

"அது நேத்து."

"நேத்தும் முட்டைதான் சார். நான் என்ன பண்ணட்டும்? மீன் போடாம புதன்கிழமைன்னு சொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்கல."

வெல்டர் ஒருவர், படித்தவர், எழுந்து, "சூரியன் ரெண்டு தடவை உதிச்சுதே சார்?" என்றார்.

"அது அதோட வேலையைப் பாக்குது," என்றார் மைக்செட். "உன் வேலையை நீ பாரு. ரெண்டு முட்டையைச் சேத்து ஒரு செவ்வாய்தான். அளவு பெரிசா வந்திருக்கு, அவ்வளவுதான்."

மேலாளர் வெகுநேரம் யோசித்துவிட்டு, முட்டை தீர்கிறவரை செவ்வாய் என்று முடிவு சொன்னார். பத்தொன்பதாம் தேதி சாமான் லாரி வந்தது. சமையல்காரர் ஒழுங்குக்காரர், விட்ட இடத்திலிருந்து பிடித்தார். முட்டைக்கு அப்புறம் மீன். மேலாளர் ஒரு தாள் கிழித்தார். இப்படியாக ஐம்பத்திரண்டு பேர் கொண்ட ஒரு முகாம் உலகத்தைவிட இரண்டு நாள் பின்னால் போயிற்று. எனக்கு அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்த நாளும் பதினோரு நடை, இந்த நாளும் பதினோரு நடை.

நாலாவது வாரம் கோழி வந்தது. எங்கள் கணக்கில் இருபத்தைந்தாம் தேதி. இன்றைக்கு அவளுக்கு ஆப்பரேஷன் என்று காலையில் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதே பெரிய வார்த்தை. பல் தேய்க்கும்போது அப்படி ஒரு செய்தி வந்தது, வாயைக் கொப்பளித்தேன். மைக்செட்தான் விடவில்லை.

"இன்னிக்குத்தானே உங்க வீட்டுல?"

"ஆமா."

"பயமா இருக்கா?"

"இல்ல."

"அழுகை வருதா?"

"இல்ல."

"சரிதான். மூணாவது வாரம் போக வேண்டியது நாலாவது வாரம்தான் போயிருக்கு," என்று சொல்லி, தன் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்து என் தட்டில் வைத்தார். முகாமில் யாரும் யாருக்கும் கோழிக்கால் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. அதைச் சாப்பிட்டேன். கால் என்று தெரிந்தது, கோழி என்று தெரியவில்லை.

மறுநாள் கிழங்கு. நாலு மணிக்குப் பஸ் வந்து நின்றது.

ஓட்டுநர் குட்டையான, சுறுசுறுப்பான ஆள். இறங்கிக் கை தட்டினார். "வாங்க வாங்க! பையெல்லாம் எடுங்க! நாலரைக்கு வண்டி எடுக்கணும்!" உள்ளே அடுத்த ஐம்பத்திரண்டு பேர் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் அசையவில்லை. மைக்செட் முன்னால் போனார். "தம்பி, இன்னிக்கு என்ன?"

"இருபத்தெட்டு. ஞாயித்துக்கிழமை."

"இனிப்பு எங்க?"

"என்னது?"

"இன்னிக்கு நாங்க கிழங்கு சாப்பிட்டிருக்கோம். கிழங்கு வெள்ளி. தேதி இருபத்தாறு. பஸ் நாலாவது இனிப்புக்குத்தான் வரணும்."

ஓட்டுநர் வண்டிக்குள் கைவிட்டு அன்றைய பேப்பரை எடுத்துக் காட்டினார். மைக்செட் வாங்கிப் பார்த்தார். "பேப்பர்காரன் ரெண்டு நாளைக்குச் சேத்து முன்னாடியே அடிச்சு வச்சிருக்கான். அவனுக்கும் லீவு வேணும்ல?"

"அய்யா, நான் நேத்து சனிக்கிழமை வீட்டுலேருந்து கிளம்பினேன்!"

"சீக்கிரமா கிளம்பிட்டே. அதுக்குப் பாராட்டறோம்."

மேலாளர் வந்தார். நாட்காட்டியைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். இருபத்தாறு. ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டார். இது நியாயமாக முடிய வேண்டும் என்று மேலாளர் வாக்கெடுப்பு வைத்தார். இருபத்தெட்டு என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். ஓட்டுநர் கை தூக்கினார். இருபத்தாறு என்கிறவர்கள் என்றார். நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். எல்லோரும் தூக்கியபோது தூக்கினேன்.

பஸ்ஸில் வந்த புதுக் கூட்டத்திலிருந்து ஒருவர் இறங்கிச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கிழங்குதாங்க" என்று தன் ஆட்களிடம் சொன்னார். அதற்கப்புறம் அவர்களும் இரண்டு நாள் வேலை மிச்சம் என்று சாப்பாட்டுக் கூடத்தில் பாயை விரித்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. நான் மட்டும் பஸ் அருகில் நின்றேன். என் பை காலடியில் இருந்தது. அதை எப்போது கட்டினேன், எப்போது தூக்கி வந்தேன் என்பது ஞாபகமில்லை. என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. ஓட்டுநருக்குப் பின்சீட்டு காலி.

பஸ் கண்ணாடியில் ஒரு ஆள் தெரிந்தான். தலை, புருவம், மீசை, எல்லாம் சுண்ணாம்பாகத் தூசி. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து முகத்தை நன்றாகத் துடைத்தேன். தூசி போயிற்று. வெள்ளை போகவில்லை.

"நீங்களாவது ஏறுங்கண்ணே," என்றார் ஓட்டுநர். குரலில் அழுகை எட்டிப்பார்த்தது. "பையோட நிக்கறீங்களே."

"நாலாவது இனிப்பு வரட்டும் தம்பி," என்றேன்.

ஆட்டுக்கறி வந்தது. அதற்கு மறுநாள் இனிப்பு வந்தது. அதில் முந்திரி போட்டிருந்தார்கள். ஓட்டுநரும் தோல்வியை ஒப்புக்கொண்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நாலு மணிக்கு ஏறினோம். வழியெல்லாம் தூங்கினேன்.

வீட்டுக்குப் போனபோது முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம். மகள் கதவைத் திறந்தாள். என் பையை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே என் வீட்டுக்காரி நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றுகிற சத்தத்துக்கே திரும்பினாள். பழக்கம்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"கட்டு நேத்தே அவுத்துட்டாங்க."

"தெரியும்."

"மொதல்ல நர்ஸ் மூஞ்சி. அப்புறம் டாக்டர் மூஞ்சி. டாக்டரு பரவாயில்ல, மூக்குதான் கொஞ்சம் பெரிசு. அப்புறம் கதவு. கதவைத்தான் ரொம்ப நேரம் பாத்தேன்."

"அம்மா டாக்டரையே காக்க வச்சாங்கப்பா," என்றாள் மகள். "இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு. அவருக்கு வேற பேஷண்ட் இல்லையா?"

நான் சுவரோரம் உட்கார்ந்து, முட்டையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். புதைத்த மீன், மேலாளர் நாட்காட்டி, மைக்செட், வாக்கெடுப்பு. ஒன்று விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. அவள் முடிந்த பிறகு கேட்டாள்.

"அம்பத்திரண்டு பேருக்கும் ஒரே சமயத்துல நாள் தப்பிப்போச்சா?"

"மேலாளரைச் சேத்து அம்பத்துமூணு."

"டிரைவருக்கும்?"

"கடைசில அவருக்கும்தான். அம்பத்துநாலு."

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"அம்மா! கண்ணுல தண்ணி வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா!" என்று மகள் பதறிக்கொண்டு சுத்தமான துணியை எடுக்க ஓடினாள். என்னை முறைத்துக்கொண்டே ஓடினாள்.

துணி வந்தது. அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணின் ஓரத்தை மெல்ல ஒற்றிக்கொண்டாள். அப்புறம் கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு, "கிட்ட வாங்க," என்றாள்.

போனேன். வலது கண் சிவந்திருந்தது. ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் என் மேல் விழுந்தது. அவள் என் நெற்றியிலிருந்து ஆரம்பித்துக் கீழே வந்தாள். கடையில் காய் பொறுக்குவாளே, அப்படி, அவசரமில்லாமல். சுவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் பார்த்துச் சொல்லியே பழகியவன். பார்க்கப்படும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"ஒரு ஆள் தெரியறாரு," என்றாள். "களைச்சுப்போயி நிக்கறாரு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "கை கால் கழுவிட்டு வாங்க. அடுத்த தடவை எத்தனை நாள் முட்டை போடப்போறாங்கன்னு முன்னாடியே கேட்டுட்டு வாங்க. நான் தயாரா இருப்பேன்ல?"

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் கீழே போய்த் தரையைத் தொடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழலாமா என்று முயற்சி பண்ணினேன். வரவில்லை. கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டேன். என்ன சாப்பாடு என்று இப்போது ஞாபகமில்லை.

அந்த வேலையில் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தேன். கடைசிவரை அவள் அந்த முட்டைக் கதையை வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் என்னைச் சொல்லச் சொல்லுவாள், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போல, "டிரைவருக்கும்?" என்று எடுத்துக் கொடுப்பாள். நானும் சொல்வேன்.

அந்த இருபத்தெட்டாம் தேதி, பஸ் நாலு மணிக்கு வந்து நாலரைக்குக் கிளம்பியது; என்னைத் தவிர ஐம்பத்தொரு பேரும் அதில் ஏறிப் போனார்கள்.